பிள்ளையை அளக்கும் கோல்

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு வெள்ளிக்கிழமை மாலைப் பூசை முடிந்து, அன்னதானத்துக்கு வரிசையில் நின்றபோது கேட்ட ஓர் உரையாடல் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. எமது பண்ணிசை வகுப்பில் படித்து வளர்ந்து, இப்போது அதே வகுப்பில் சிறுபிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்கும் பெண்பிள்ளை ஒருத்தி, ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் கல்வியியலில் இளமாணிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தாள். "அடுத்து என்ன பிள்ளை செய்யப் போறாய்?" என்று ஓர் அன்ரி கேட்டார். கல்வி உளவியலில் முதுமாணி செய்ய விண்ணப்பிக்கப் போவதாக அவள் சொன்னாள்.

"அது விசர் ஆக்களைப் பாக்கிற படிப்போ?" என்றார் அன்ரி, பகிடியாகத்தான். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "இவளுக்கு மருத்துவத்துக்குப் போற புள்ளிகள் இருந்ததாம், தகப்பன்தான் விட்டிட்டார்" என்று என் காதில் சொன்னார். தகப்பனார் ஒன்றும் பேசாமல் சாம்பாறு வாளியைத் தூக்கிக்கொண்டு அப்பால் போய்விட்டார். அந்த மௌனம் எனக்கு நன்கு விளங்கியது. இரண்டு பிள்ளைகளை இந்த நாட்டில் படிப்பித்தவன் நான்.

அவளுடைய சம்மதத்தோடும், பெயரைக் குறிப்பிடாமலும்தான் இதை எழுதுகிறேன். இது அவள் ஒருத்தியின் கதை மட்டுமல்ல. இன்னொருவர் பெற்ற பிள்ளையைப் பற்றி, "இந்தப் பிள்ளைக்கு இவ்வளவுதான் முடியும், இன்னது முடியாது" என்று காகிதத்தில் எழுதும் உரிமை ஒரு மனிதருக்கு உண்டா? உண்டென்றால் அதை யார் எழுதுவது? இந்தக் கேள்வியைத்தான் அன்று முதல் மனதில் உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அந்தப் படிப்பு என்னவென்று பார்ப்போம், ஏனெனில் எம்மவரிடையே அதுபற்றிய குழப்பம் நிறைய உண்டு. நோர்வேயில் 'சைகோலோக்' என்ற பெயர் சட்டத்தால் காக்கப்பட்டது. ஆறு ஆண்டுத் தொழில்சார் உளவியல் கல்வியை முடித்து அனுமதிப்பத்திரம் பெற்றவரே அப்பெயரைப் பயன்படுத்தலாம். இவள் போக விரும்புவது வேறு வழி. கல்வியியலிலோ விசேட கல்வியியலிலோ மூன்றாண்டு இளமாணி, அதன்மேல் இரண்டாண்டு முதுமாணி. இப்படிப் படித்தவர்களிற் பலர் 'பேபேத்தே' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கல்வி உளவியல் சேவையில் வேலை செய்கிறார்கள். ஒவ்வொரு நகரசபைக்கும் இச்சேவை இருக்கவேண்டும் என்பது சட்டம். ஒரு பிள்ளை வகுப்பில் பின்தங்கினால், பேச்சு வரப் பிந்தினால், எழுத்துக் கூட்டமுடியாமல் தவித்தால், பெற்றோரின் சம்மதத்துடன் பாடசாலை இவர்களிடம் அனுப்பும். இவர்கள் பிள்ளையோடு இருந்து, பேசி, பார்த்து, சோதித்து, நிபுணர் மதிப்பீடு ஒன்றை எழுதுவார்கள். அந்தப் பிள்ளைக்கென்று தனியான கற்பித்தல் கிடைக்கவேண்டுமானால் பெரும்பாலும் அந்த மதிப்பீடு வேண்டும். ஆகவே அது வெறும் காகிதமல்ல. அதனால் ஒரு பிள்ளைக்குக் கதவு திறக்கலாம். தவறாக எழுதப்பட்டால் அதே கதவு சாத்தப்படவும் கூடும்.

புளிண்டேர்ணில் இத்துறை இருக்கும் கட்டடத்துக்கு ஹெல்கா எங் என்ற பெண்மணியின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1875இல் பிறந்தவர், சாதாரண ஆரம்பப் பாடசாலை ஆசிரியையாக வாழ்க்கையைத் தொடங்கி, முதலாம் உலகப்போருக்கு முன்னரே கலாநிதிப் பட்டம் பெற்று, 1938இல் நோர்வேயின் முதலாவது கல்வியியற் பேராசிரியரானார். தமது பெறாமகள் குழந்தைப் பருவத்தில் இருந்து கிறுக்கிய சித்திரங்களை ஆண்டாண்டாகச் சேர்த்துவைத்து, அவற்றைக்கொண்டு பிள்ளையின் மனம் எப்படி விரிகிறது என்று 1926இல் ஒரு நூல் எழுதினார். எங்கள் வீட்டுச் சுவரில் பிள்ளைகள் கீறியதை நாங்கள் அழித்தோம், அல்லது ஏசினோம். அந்த அம்மையார் அதிலிருந்து ஒரு துறையைக் கட்டியிருக்கிறார். இதை நான் அறிந்தது அந்தப் பெண்பிள்ளை சொல்லித்தான்.

இனி அந்தப் பெரியவரின் கவலைக்கு வருவோம். அதை வெறும் கௌரவ ஆசை என்று இளையவர்கள் தள்ளிவிடுவது நியாயமன்று. 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தபோது, ஒரே பரீட்சையைத் தமிழில் எழுதிய பிள்ளைக்குக் கூடிய வெட்டுப்புள்ளியும் சிங்களத்தில் எழுதிய பிள்ளைக்குக் குறைந்த வெட்டுப்புள்ளியும் வைக்கப்பட்டன. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் ஒன்றிரண்டு புள்ளிகளால் தவறிப்போய், வாழ்க்கையே திசைமாறியவர்கள் இன்றைக்கும் எமது மண்டபத்தில் சம்மாந்தியிட்டு அமர்ந்திருக்கிறார்கள். அவர்களிற் சிலர் பிறகு இந்நாட்டு வடமுனையில் மீன் வெட்டினார்கள், ஒஸ்லோவில் அலுவலகங்களைத் துடைத்தார்கள். தாங்கள் இழந்ததைப் பிள்ளை மூலம் மீட்க நினைப்பது மனித இயல்பு. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் தொடங்கி உயர்தரம் வரை புள்ளிகளாலேயே அளக்கப்பட்டு வந்த எமக்கு, எட்டாம் வகுப்பு மட்டும் புள்ளியே போடாத நோர்வேப் பாடசாலை நெஞ்சிடியைத் தந்ததும் அதனாற்றான். எத்தனையாம் பிள்ளை என்று கேட்டால் ஆசிரியை சிரிக்கிறாரே என்று நானே வீட்டில் வந்து புறுபுறுத்திருக்கிறேன்.

ஆனால் இதில் ஒன்றை நாம் யோசிக்கவேண்டும். தரப்படுத்தல் எம்மை நோகச் செய்தது ஏன்? மொழியைப் பார்த்துக் கோலை மாற்றினார்கள் என்பதால். அளக்கும் கோல் நேராக இருக்கவேண்டும் என்று அன்று கொதித்த சமூகம் நாம். அப்படியிருக்க, பிள்ளைகளை அளக்கும் கோல் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு படிப்பை, "உது படிச்சு என்ன பிரயோசனம்?" என்று நாம் கேட்பது விசித்திரமாகவல்லவா இருக்கிறது!

அந்தக் கோலின் வரலாறு சற்றுக் கசப்பானது. பிரெஞ்சு அரசு 1904இல் அமைத்த ஒரு குழுவில் இருந்து, வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்கு உதவவென அல்பிரெட் பினே என்பவர் தியோடோர் சிமோனுடன் சேர்ந்து 1905இல் முதலாவது அறிவுச் சோதனையை ஆக்கினார். அது பிள்ளைக்கு நிரந்தரமாகக் குத்தும் முத்திரையல்ல, அறிவு பயிற்சியால் வளரக்கூடியது என்பதே அவர் கருத்து. 1911இல் அவர் காலமானார். இரண்டு ஆண்டுகளுக்குள், 1913இல், அதே வகைச் சோதனைகளை ஹென்றி கொடாட் என்ற அமெரிக்கர் நியூயோர்க்கின் எல்லிஸ் தீவுக்குக் கொண்டுபோனார். கப்பலின் கீழ்த்தட்டில் வாரக்கணக்காகக் கிடந்து, களைத்து, மொழி தெரியாமல் வந்திறங்கிய ஏழைக் குடியேறிகளை மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சோதித்தார். சோதிக்கப்பட்ட யூதர், இத்தாலியர், ஹங்கேரியர் ஆகியோரில் ஐந்தில் நான்கு பேரளவில் மந்தபுத்தியினர் என்று 1917இல் எழுதினார். பின்னாளில் தமது கருத்துகள் பலவற்றை அவரே கைவிட்டார் என்பது வேறு விடயம், எழுதப்பட்டது எழுதப்பட்டதுதான்.

இது அமெரிக்காவோடு முடிந்துவிடவில்லை. 1971இல் இலண்டனில் பேர்னாட் கோட் என்ற கிரெனடா நாட்டு ஆசிரியர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். மேற்கிந்தியப் பிள்ளைகள் அவர்களின் பேச்சுமொழி, பண்பாடு என்பன விளங்காத சோதனைகளால் மந்தமானவர்களுக்கான விசேட பாடசாலைகளுக்குத் தள்ளப்படுகிறார்கள் என்று அதில் காட்டினார். அதற்கு ஓராண்டு முன்னர் கலிபோர்னியாவில், வீட்டில் ஸ்பானிய மொழி பேசும் ஒன்பது பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து மந்தபுத்தி வகுப்பில் போட்டதற்கு எதிராக வழக்கு நடந்தது. அவர்களுடைய மொழியிலேயே திரும்பச் சோதித்தபோது பெரும்பாலானோர் அந்த வகுப்புக்கு உரியவர்களே அல்ல என்று தெரிந்தது. 1970இல் அரசு இணங்கிவந்து, பிள்ளையின் தாய்மொழியிலும் சோதிக்கவேண்டும் என்று ஒப்புக்கொண்டது. அதே பிள்ளை, அதே மூளை. கேட்ட மொழி மட்டுந்தான் மாறியது.

நோர்வேயும் இதற்கு விலக்கல்ல. சாமி மக்களின் பிள்ளைகளைப் பாடசாலை வழியாக நோர்வேஜியராக்கும் கொள்கை இங்கே பல தலைமுறைகள் நடந்தது. வீட்டில் கெட்டிக்காரனாகக் கலைமான் மேய்த்த பிள்ளை, வகுப்பில் வாயில்லாப் பிள்ளையாய் இருந்தான். உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2023இல் அறிக்கை கொடுத்தது. 2024 நவம்பரில் நாடாளுமன்றம் சாமி, குவேன், காட்டுப் பின்லாந்தர் ஆகியோரிடம் மன்னிப்புக் கேட்டது. மன்னிப்புக் கேட்கத் தெரிந்த நாடு என்பதையும் இவ்விடத்தில் சொல்லவேண்டும். எம்மிடம் அப்படி எவரும் கேட்டதில்லை.

எமது பிள்ளைகளின் நிலை என்ன? உதாரணத்துக்கு ஆறு வயதுப் பிள்ளை ஒன்றை எடுங்கள். கத்தரிக்காய், குசினி, திருநீறு, பெரியம்மா, சித்தப்பா இவையெல்லாம் அவனுக்குத் தமிழில் தெரியும். கத்தரிக்கோல், மழைச்சட்டை, முக்கோணம் நோர்வேஜிய மொழியில் தெரியும். ஒரு மொழியில் மட்டும் சொற்களை எண்ணினால் அவன் பாதிப் பிள்ளை. இரண்டையும் கூட்டினால் முழுப் பிள்ளை, சிலவேளை முழுப் பிள்ளைக்கும் மேலே. இரண்டு மொழி பிள்ளையின் அறிவைக் குழப்பும் என்று நீண்டகாலம் நம்பிவந்தார்கள். 1962இல் மொன்றியலில் பீல், லம்பேட் என்ற இருவர், குடும்ப வசதியில் ஒத்த பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்து, இருமொழிப் பிள்ளைகள் பின்தங்கவில்லை, முன்னுக்கே நிற்கிறார்கள் என்று காட்டினார்கள். கனடாவின் ஜிம் கமின்ஸ் எழுதியது பெற்றோர் எல்லோரும் அறியவேண்டிய ஒன்று. விளையாட்டுத் திடலில் பேசும் மொழி ஏறத்தாழ இரண்டு ஆண்டில் வந்துவிடும். பாடப்புத்தகத்தில் வரும் மொழி கைவர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் செல்லலாம். இதை அறியாத ஆசிரியர், "நன்றாகப் பேசுகிறான், ஆனால் பாடம் ஏறவில்லை, ஆகவே அறிவிற் குறை" என்று முடிவு கட்டிவிடக்கூடும். மறுபுறம், உண்மையிலேயே குறைபாடு உள்ள பிள்ளையை, "இரண்டு மொழிதானே, போகப்போகச் சரிவரும்" என்று விட்டுவிடவும் கூடும். இரண்டாவது பிழையும் முதலாவதைப் போலவே கொடியது. இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை.

1994ஆம் ஆண்டு. எனக்குத் தெரிந்த ஒரு தாய், மகனுடைய பாடசாலையில் கூட்டம் என்று என்னை வரச்சொன்னார். மொழிபெயர்க்க வரவேண்டியவர் அன்று வரவில்லை. எனக்கு நோர்வேஜிய மொழி ஓரளவு ஓடும் என்பதால் அவருடைய இடத்தில் நான் அமர்ந்தேன். மகனுக்கு ஒன்பது வயது. வகுப்பாசிரியை நிதானமாக, அன்பாகப் பேசினார். பையன் கெட்டிக்காரன், கணக்கில் மின்னுகிறான், ஆனால் எழுத்தும் ஒலியும் அவனுக்குப் பொருந்தி வரவில்லை, வாசிப்பு எழுத்துக் குறைபாடு இருக்கலாம், பேபேத்தேயில் காட்டிப் பார்க்க உங்கள் கையெழுத்து வேண்டும் என்றார். தாய் என் முகத்தைப் பார்த்தார். தகப்பன் ஊரிலே காணாமற் போனவர். இந்தப் பிள்ளைதான் அவருக்கு எல்லாம். 'குறைபாடு' என்ற அந்தச் சொல்லை அவருடைய மடியில் போட எனக்கு மனம் வரவில்லை.

"வாசிப்பிலை கொஞ்சம் பஞ்சிப்படுறானாம் அக்கா. வீட்டிலை இருத்தி வாசிக்கப் பண்ணுங்கோவாம். ஏதோ ஒரு சோதினையும் வைக்கலாமாம், விருப்பமில்லாட்டி விடலாமாம்" என்று சொன்னேன்.

"சோதினை ஒண்டும் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ தம்பி" என்றார் அவர். நான் அதை மட்டும் பிழையில்லாமல் மொழிபெயர்த்தேன்.

அடுத்த நான்கு ஆண்டுகள் ஒவ்வொரு மாலையும் இரண்டு மணித்தியாலம் அந்தப் பிள்ளை சாப்பாட்டு மேசையில் அமர்ந்து உரத்து வாசித்தான். வாசிக்க முடியாத பிள்ளை வாசித்தான். பஞ்சி பிடித்தவன் என்று ஏச்சு வாங்கினான். தமிழ் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் மொக்கன் என்றார்கள். பிறகு தமிழ் வகுப்புக்கும் வராமல் விட்டான். இளையோர் பாடசாலைக்குப் போன பிறகுதான், வேறோர் ஆசிரியர் விடாப்பிடியாக நின்று, முறையான மொழிபெயர்ப்பாளரை அழைத்து, தாயின் கையெழுத்தை வாங்கினார். வாசிப்புக் குறைபாட்டுக்கும் அறிவுக்கும் தொடர்பில்லை என்பதும், உரிய முறையில் கற்பித்தால் பெருமளவு மீளலாம் என்பதும் தாய்க்கு அன்றுதான் தெரிந்தது. பதின்மூன்று வயதில் தொடங்கியது, ஒன்பது வயதில் தொடங்கியிருக்கவேண்டியது.

நான் பொய் சொன்னேனா? அப்போது அப்படி நினைக்கவில்லை. ஒரு தாயின் மனதை நோகச் செய்யாமல் காத்தேன் என்றே நினைத்தேன். நன்மை தரும் பொய்யை வள்ளுவரே ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்று ஒரு சமாதானமும் வைத்திருந்தேன். அந்தக் குறளைப் பிற்காலத்தில் ஆறுதலாகத் திரும்பப் படித்தபோதுதான் அவர் வைத்த நிபந்தனை கண்ணிற் பட்டது. அந்த நன்மையில் ஒரு குற்றமும் கலந்திருக்கக் கூடாது. அப்படியொரு நன்மை எங்கே போய் முடியும் என்று முன்கூட்டி அறியக்கூடியவர் யார்? எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த அறையில் இருந்த ஒரு முகம். தெரியாதது நான்கு ஆண்டு மாலைப்பொழுதுகள். இன்னொன்றும் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ள எனக்கு நெடுநாள் எடுத்தது. நான் காத்தது அவருடைய மனத்தை மட்டுமல்ல. கெட்ட செய்தி சொன்னவன் என்ற பெயர் எனக்கு வரக்கூடாது என்பதையும் சேர்த்துத்தான் காத்தேன்.

இன்று பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக வைக்க முடியாது. 2022இல் நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டம் அதைத் தடுக்கிறது. தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரையே அரச அலுவலகங்கள் வைக்கவேண்டும் என்பதும் அதே சட்டந்தான். என்னைப் போன்ற நல்லெண்ணக்காரர்களிடம் இருந்து பெற்றோரைக் காக்கவும் ஒரு சட்டம் வேண்டியிருந்திருக்கிறது.

இக்கதையை அந்தப் பெண்பிள்ளையிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, "அதாலைதான் சொல்லுறன் பிள்ளை, நீ போய்ப் படி. எங்கடை ஆள் ஒண்டு அங்கை இருந்தா எங்கடை பிள்ளையளுக்குச் சாதகமா நாலு வரி எழுதலாம்" என்றேன். பெரிய ஊக்கம் கொடுத்துவிட்டதாக எண்ணம்.

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அங்கிள், நீங்கள் திரும்பவும் அதையேதான் செய்யச் சொல்லுறியள்" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவளே விளக்கினாள். "ஒரு பிள்ளைக்கு நான் கூட்டி எழுதினா, உதவி தேவையில்லை எண்டு வரும். குறைச்சு எழுதினா, ஏலாத பிள்ளை எண்டு வரும். சாதகம் எண்டு ஒண்டு அதிலை இல்லை. உள்ளதை எழுதினாத்தான் சாதகம். ஒருக்கா மாத்தி எழுதினன் எண்டு தெரிஞ்சா, பிறகு நான் எழுதுற ஒண்டையும் பாடசாலை நம்பாது. அப்ப ஆருக்கு நட்டம்?"

அப்படியானால் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி அங்கே இருப்பதில் என்ன பயன் என்று கேட்டேன். அவளுடைய விடை எளிமையானது. கத்தரிக்காய் என்று பிள்ளை சொல்லும்போது அது ஒரு சொல் என்று தெரிந்த ஒருவர் அங்கே இருப்பார். பெரியவரின் கண்ணைப் பார்த்துப் பேசாத பிள்ளையைத் தொடர்பாடற் குறை என்று எழுதும் முன்னர், வீட்டில் அதற்கு மரியாதை என்று பெயர் என்பதை அறிந்த ஒருவர். நோர்வேப் பிள்ளைகளை வைத்து நியமம் கண்ட சோதனையைத் தமிழில் மொழிபெயர்த்துவிட்டால் மட்டும் அது தமிழ்ப் பிள்ளைக்கு நியமமாகாது என்று கூட்டத்தில் எழுந்து சொல்லத் தெரிந்த ஒருவர். கோலை வளைக்கும் ஆளாக அவள் இருக்க மாட்டாள். கோல் எங்கே வளைந்திருக்கிறது என்று காட்டத்தான் போகிறாள்.

இதில் அவளுக்கு வரப்போகும் சங்கடங்களை நான் குறைத்துச் சொல்லப்போவதில்லை. எமது சமூகம் சிறியது. அறைக்குள் ஒரு தாய் அழுதுகொண்டு சொன்னதை வெள்ளிக்கிழமை அதே தாயோடு பந்தியில் இருந்து சாப்பிடும்போது முகத்தில் காட்டாமல் இருக்கவேண்டும். தன் தாய் தகப்பனுக்கும் சொல்லக்கூடாது; இரகசியம் காத்தல் சட்டக்கடமை. நெருங்கிய உறவினர் பிள்ளை என்றால் அவள் விலகி வேறொருவரிடம் கொடுக்கவேண்டும். "எங்கடை பிள்ளையைப் பாக்க மாட்டன் எண்டிட்டாள், பெரிய ஆள் ஆகிட்டாள்" என்ற கதை அடுத்த திருவிழாவுக்குள் வந்துவிடும். இன்னும் பாரமான ஒன்று உண்டு. ஒரு பிள்ளை வீட்டில் கடுமையாக அடிக்கப்படுகிறது என்று அறிய நேர்ந்தால், பார்னவேர்ன் அலுவலகத்துக்கு அறிவிக்கவேண்டிய கடமை அவளுக்கும் உண்டு. எம்மவள் என்பதால் அந்தக் கடமை இல்லாமற் போகாது. அப்படியொரு நாள் வந்தால் நாம் அவளைக் காட்டிக்கொடுத்தவள் என்போமா? என்போம் என்றுதான் நினைக்கிறேன். அது நியாயமன்று என்று இப்போதே எழுதிவைக்கிறேன். அந்த நாள் வரும்போது என் வாயும் எப்படி இருக்குமோ தெரியாது.

எமது சித்தாந்த மரபில் ஒரு கதை உண்டு. திருவெண்ணெய்நல்லூரில் சிறுபிள்ளையாய் இருந்த மெய்கண்டார், தம்மிலும் மூத்தவர்களுக்கு உபதேசம் செய்து வந்தார். சகலாகம பண்டிதர் என்று பேர்பெற்ற குலகுரு, தம் மாணாக்கரும் அங்கே போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்க்கவே போனார். ஆணவ மலத்தின் வடிவம் எப்படி இருக்கும் என்று நின்றபடியே கேட்டார். பிள்ளை பேசவில்லை, அவரைத் தலை முதல் கால் வரை சுட்டிக்காட்டினார். பண்டிதர் அவ்விடத்திலேயே விழுந்து வணங்கி மாணாக்கரானார். அவரே பின்னர் அருணந்தி சிவாசாரியார். இதை ஞானத்தின் பெருமைக்காகத்தான் பெரியவர்கள் சொல்வார்கள். எனக்கு இப்போது பண்டிதரின் பெருமைதான் கூடத் தெரிகிறது. சோதிக்கப் போன மனிதர், சோதனையில் அகப்பட்டது தாம்தான் என்று உணர்ந்தபோது எழுந்து போய்விடவில்லை. ஒரு பிள்ளையின் முன்னால் தாளை வைத்துக்கொண்டு உட்காருபவருக்கு, அது நோர்வேஜியராயினும் தமிழராயினும், இந்தக் கதையைச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று அவளிடம் சொன்னேன். "அது பாடத்திட்டத்திலை இல்லை அங்கிள்" என்று சிரித்தாள்.

தகப்பனாருடன் பின்பு ஒருநாள் நிலக்கீழ்த் தொடருந்தில் பேசிக்கொண்டு வந்தேன். பதினைந்து வயது நிறைந்த பிள்ளை தன் படிப்பைத் தானே தெரிவு செய்யலாம் என்று இந்நாட்டுச் சிறுவர் சட்டம் சொல்கிறது. சட்டம் அப்படிச் சொல்வதால் அவருக்குத் தடுக்கும் உரிமை இல்லை. மனம் நிறைந்து அனுப்பும் உரிமை மட்டும் அவரிடம் மிச்சம். அதை யாரும் சட்டத்தால் அவரிடமிருந்து எடுக்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. அவர் பணத்தைப் பற்றிக் கேட்டார். அரச பல்கலைக்கழகத்தில் இங்கே வாழும் மாணவர்களுக்குப் படிப்புக் கட்டணம் இல்லை, சிறிய பருவக் கட்டணந்தான், செலவுக்கு லோனகாசன் இருக்கிறது, படிப்பை முடித்தால் கடனில் ஒரு பகுதி உதவிப்பணமாகக் கழியும் என்று அவருக்கு என்னை விட நன்றாகவே தெரியும். பணம் அவருடைய கேள்வியல்ல. இறங்குமிடம் வரும்போதுதான் கேள்வி வந்தது. "ஊரிலை கேட்டா என்னெண்டு சொல்லுறது? டொக்ரர் எண்டா ஒரு சொல்லு. இதுக்கு என்ன சொல்லு?"

என்னிடம் அதற்குச் சொல் இருக்கவில்லை. விண்ணப்ப முடிவுத் திகதி ஏப்ரல் 15. புத்தாண்டன்று கைவிசேடம் வாங்கிய கையோடு அவள் விண்ணப்பத்தை அனுப்பினாள் என்றும், தகப்பனார் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்திருந்தார் என்றும் தாயார் சொன்னார்.

அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். "அந்தப் பெடியனுக்கு நீங்கள் இதைச் சொன்னனீங்களோ?" முப்பது ஆண்டுகளாகச் சொல்லவில்லை. அவன் இப்போது பெடியனல்ல. மின்னிணைப்பு வேலை செய்கிறான், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். கடந்த தைப்பூசத்தன்று காவடி இறக்கி வைத்த பிறகு, வெளியே பனியில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு, 1994இல் அந்த அறையில் ஆசிரியை உண்மையில் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன்.

அவன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டி முடித்தான். கோபப்படவில்லை, பரவாயில்லை அங்கிள் என்றும் சொல்லவில்லை.

"அம்மாக்குத் தெரியுமோ?" என்று மட்டும் கேட்டான்.

அவர் காலமாகி ஆறு ஆண்டுகள். தெரியாது என்றேன்.